இருநூறு எழுத்துக்குள்

படிவம் ஆறாம் பக்கத்தில் கேட்கிறது:
இவரது சிறந்த பண்பு எது? இருநூறு எழுத்துக்குள்.
இலந்தைக்குளம், மூன்றாம் மாடி, இரவு எட்டரை.
ஏசியை நிறுத்திவிட்டார்கள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரிங் ரோட்டில்
லாரிகள் பாண்டி கோயிலைப் பார்த்துப் போகின்றன.

தவசிப்பாண்டி. வயது இருபத்தேழு.
கூட்டத்தில் வாய் திறந்தால் முதலில்,
"தெரியலக்கா."
அப்புறம், "பாத்துட்டுச் சொல்றேன்."
பார்த்துவிட்டுச் சொல்வான், அதுதான் விஷயம்.
தெரியும் என்று தொடங்கியவர்கள் பலரிடம்
நான் இன்னும் பதில் வாங்கவில்லை.

இதை எழுதி, அழித்தேன்.

தை மாதம் ஒரு புகார் வந்தது.
செல்லம்பட்டிக்கு அங்கிட்டு ஒரு பால் சங்கம்.
உறுப்பினர் நூற்றுப் பதினெட்டு, மொக்கத்தாய்,
பத்து நாள் கணக்கில் ஏழு ரூபாய் குறைகிறதாம்.
'ஏழு ரூபாதான், அவசரமில்லை' என்று
செயலாளரே அடியில் எழுதியிருந்தார்.
மூன்று பேர் திறந்தார்கள், மூன்று பேரும் மூடினார்கள்.
ஒருவர் காரணமும் போட்டார்: பயனர் பிழை.

இவனுக்கு அந்த ஏழு ரூபாயில் சோறு இறங்கவில்லை.
சனிக்கிழமை விடியுமுன் பைக்கை எடுத்து
செக்கானூரணி தாண்டி, பனியில் மூக்கு ஒழுக,
பால் கேன்களுக்கு நடுவே போய் நின்றிருக்கிறான்.
"யாரு தம்பி, லோன் வசூலுக்கா?"
"இல்லத்தா, ஒங்க மெசினப் பாக்க."
காலண்டர் தாளின் முதுகில்
பென்சிலால் போட்டுவைத்த கணக்கை
மொக்கத்தாய் நீட்டியிருக்கிறாள்.
மெஷின் காட்டுவது நாலு புள்ளி இரண்டு ஏழு.
சீட்டில் விழுவது நாலு புள்ளி இரண்டு.
கடைசி ஏழை
வழியில் எங்கேயோ இறக்கிவிட்டிருக்கிறது மென்பொருள்.

திங்கட்கிழமை என் மேசையருகே நாற்காலி போட்டு
நாலாயிரம் வரியையும் மேலிருந்து படித்தான்,
வாய்க்குள்ளேயே, மனப்பாடச் செய்யுள் மாதிரி.
பொழுது சாய ஒரு வரியில் விரல் நின்றது.
இரண்டாம் தசமத்தை வெட்டிவிடு
என்று யாரோ எழுதியிருந்தார்கள்.
முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் பால். இரண்டு வருசம்.
"எவன்டா இவன்?" என்று முனகிக்கொண்டே
எழுதியவர் பெயரைச் சொடுக்கினான்.

தவசிப்பாண்டி.

கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான்.
பிறகு சிரித்தான்.
எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்து
எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டான்:
'தவறு என்னுடையது. எப்படி நடந்தது,
யாருக்கு எவ்வளவு சேர வேண்டும், இணைத்திருக்கிறேன்.'
கணக்கு பைசா சுத்தம்.
மன்னிப்பு ஒரே ஒரு தடவை கேட்டிருந்தான்.

அதைத்தான் இந்தப் படிவம் நாலாம் பக்கத்தில்
'பிழைகள்: ஒன்று' என்று
தானாகவே நிரப்பி வைத்திருக்கிறது.

சரி, இருநூறு எழுத்து.
தேதி பார்ப்பதற்காக
அந்த வரியை இன்னொரு தரம் திறக்கிறேன்.
எழுதியவர் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில்,
சரிபார்த்தவர்: ஜெசிந்தா.
வெள்ளிக்கிழமை, ஐந்து ஐம்பத்தெட்டு.
ஆறு மணி கம்பெனி வண்டியைப் பிடிக்கிற அவசரம்.
படித்த ஞாபகமே இல்லை எனக்கு.

அன்றைக்குப் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தான்,
இது கண்ணில் படாமலா இருந்திருக்கும்?
மின்னஞ்சலில் என் பெயர் இல்லை.

அவன் படிவத்தை அப்படியே விட்டுவிட்டு
என்னுடையதைத் திறக்கிறேன்.
'உங்களிடம் உள்ள குறை' என்கிற கட்டத்தில்
ஆறு வருசமாக ஒரே பதில்:
அளவுக்கு மீறி உழைக்கிறேன்.
அழித்தேன்.
பால் கணக்கு. படிக்காமல் சரி என்றேன்.
அவ்வளவுதான். மிச்சக் கட்டம் வெறுமனே கிடக்கிறது.

வாட்ச்மேன் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தபடி
படியேறி வருகிறார்.
"யாராச்சும் இருக்கீங்களா?"
சேமி என்பதை அழுத்திவிட்டு
"நான் இருக்கேண்ணே" என்கிறேன்,
தேவைக்கு மேல் சத்தமாக.